பூட்டிய கோப்பு திறக்கவில்லையா? அறிகுறி பார்த்து வழி தேடுவோம்

போன மழைக்காலத்தில் சித்தப்பாவின் லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. கடையில் வேறு போர்டு போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத்திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டது. “நான் எந்தப் பூட்டும் போடலையேப்பா” என்றார் சித்தப்பா. உண்மைதான், அவர் போடவில்லை. விண்டோஸ் தானாகவே போட்டிருந்தது. பத்து வருடப் படங்கள், சித்தியின் மருத்துவ அறிக்கைகள், வீட்டுக் கடன் தாள்கள் எல்லாம் உள்ளே இருந்தன. மூன்று நாள் தேடித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் இதேபோலத் தவித்த பலருக்கு உதவியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் பார்த்தது ஒன்றுதான்: கோப்புகள் தொலைந்தது குறியாக்கத்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டுவது) அல்ல, பயந்துபோய் அழுத்திய ஏதோ ஒரு பட்டனால். அதனால் எதையும் தொடுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள். உங்களிடம் இல்லாமல் போனது சாவியா, ஹெடரா, டிஸ்க்கா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஹெடர் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாஸ்வேர்டு நேரடியாகக் கோப்புகளைப் பூட்டுவதில்லை. கணினி தானாக உருவாக்கிய ஒரு நீண்ட சாவிதான் பூட்டுகிறது. அந்தச் சாவியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டி, டிஸ்க்கில் ஒரு சிறு பகுதியில் வைத்திருப்பார்கள். அதுதான் ஹெடர். அது அழிந்தால், சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. கணினி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, டிரைவ் திறந்திருக்கிறது, ஆனால் ஏதோ கோளாறு என்று தோன்றினால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். திறந்திருக்கும்போதே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நீலத்திரை 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

இது பிட்லாக்கர், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பூட்டு. ஹோம் பதிப்பில் இதன் எளிய வடிவத்துக்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து புதுக் கணினியை அமைத்தால் இது பெரும்பாலும் தானாக இயங்கிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியது. அதனால் முன்பைவிட அதிகக் கணினிகளில், அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல் பூட்டு விழுந்திருக்கிறது.

சாதாரண நாளில் எண் கேட்காததற்குக் காரணம் டிபிஎம் என்ற சிப். கணினி தொடங்கும் விதம் நேற்று போலவே இருந்தால் அது சாவியைத் தானாகக் கொடுத்துவிடும். பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, அதில் உள்ள செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை யாராவது அணைத்தாலோ, போர்டு மாறினாலோ கொடுக்காது.

ஆகவே முதல் கேள்வி: கடைசியாக என்ன மாறியது? பென்டிரைவ் செருகியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பயாஸில் எதையாவது மாற்றியிருந்தால், செக்யூர் பூட் அமைப்போ, எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையோ, அதைப் பழையபடி வையுங்கள். பழைய நிலை திரும்பினால் பல நேரம் எண் கேட்காமலே திறந்துவிடும். டிபிஎம்மை கிளியர் செய்யவா என்று பயாஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளியர் செய்தால், தானாகத் திறக்கும் அந்த ஒரே வழியும் போய்விடும்.

போர்டே மாறியிருந்தால் பழைய சிப்பும் அதோடு போய்விட்டது. எண் இல்லாமல் முடியாது. எண்ணைத் தேடும் முன் திரையில் இருக்கும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் நான்கைந்து கணினிகளின் எண்கள் இருக்கலாம். எது உங்களுடையது என்று காட்டுவது அந்த ஐடிதான்.

அப்புறம் வேறொரு கணினியிலோ போனிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்து, பிட்லாக்கர் மீட்பு சாவியை (அதுதான் அந்த 48 இலக்க எண்) பாருங்கள். இங்கேதான் பலரும் “என் கணக்கில் ஒன்றும் இல்லை” என்று சோர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போது பயன்படுத்தும் கணக்கு வேறு, கணினியை முதன்முதலில் அமைத்த கணக்கு வேறாக இருக்கலாம். லேப்டாப் வாங்கிய கடையில் யார் மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள்? கடைப் பையன் தன் கணக்கையே போட்டிருப்பானா? பிள்ளைகள் கல்லூரிக் கணக்கில் உள்நுழைந்தார்களா? கல்லூரிக் கணக்கோ அலுவலகக் கணக்கோ என்றால் எண் அவர்களுடைய ஐடி பிரிவிடம் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். அமெரிக்காவில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய ஹாட்மெயில் கணக்கை வைத்து அமைத்துக் கொடுத்திருந்தான். அந்தக் கணக்கை அவனே மறந்திருந்தான். 24எச்2 முதல் வந்த பதிப்புகளில் எந்தக் கணக்கில் எண் இருக்கிறது என்ற குறிப்பு நீலத்திரையிலேயே வரும். அதைக் கவனியுங்கள்.

கணக்கில் இல்லையென்றால் பழைய பென்டிரைவ்கள், மின்னஞ்சல், அச்சிட்ட தாள்களில் தேடுங்கள். பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று தொடங்கும் டெக்ஸ்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். பூட்டப்படும் அதே டிரைவில் அதைச் சேமிக்க விண்டோஸ் விடாது. அதனால் வெளியே எங்கோதான் இருந்தாக வேண்டும்.

எங்குமே இல்லையென்றால் அந்த டிஸ்க்கைத் திறக்க வழியில்லை. பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். திரையில் இருக்கும் ரீசெட் வழியையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், அது உள்ளே இருப்பதை அழித்துவிடும். வேறு டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கணினியைப் பயன்படுத்துங்கள், பூட்டிய டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பழைய கோப்பு உறைக்குள் அந்தத் தாள் கிடைத்த வீடு எனக்குத் தெரியும்.

எண் இருக்கிறது, ஆனால் ஏற்க மறுக்கிறது

முதலில் கீ ஐடி பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அது வேறு டிரைவின் எண், எத்தனை முறை அடித்தாலும் திறக்காது.

ஐடி பொருந்தியும் மறுத்தால் கையெழுத்தில்தான் கோளாறு இருக்கும். இங்கே ஒரு அருமையான கணக்கு உதவும். 48 இலக்கமும் ஆறு ஆறாக 8 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படித்தான் அந்த எண்ணை உருவாக்கியிருக்கிறார்கள். எந்தத் தொகுதியும் 720885-ஐத் தாண்டாது, அதாவது முதல் இலக்கம் 8 ஆகவோ 9 ஆகவோ இருக்கவே முடியாது.

பள்ளியில் படித்ததுதான். 1, 3, 5-ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6-ஆம் இடத்து இலக்கங்களைத் தனியே கூட்டுங்கள். இரண்டும் சமமாகவோ, வித்தியாசம் 11-இன் மடங்காகவோ இருந்தால் தொகுதி சரி. 257103-ஐ எடுங்கள்: 2+7+0 என்பது 9, 5+1+3 என்பதும் 9. சரி. நடுவில் உள்ள 1-ஐ 7 என்று தவறாகப் படித்து 257703 என்று அடித்தால் 9-உம் 15-உம் வரும், வித்தியாசம் 6. தவறு.

ஈரம் பட்டு ஒரு இலக்கம் அழிந்துபோயிருந்தால்கூட, மற்ற ஐந்தை வைத்து இதே கணக்கில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தொகுதியில் ஒரு இலக்கம் மட்டும் போயிருந்தால் அந்த இடத்துக்குப் பொருந்தும் எண் ஒன்றுதான். எட்டுத் தொகுதிகளிலும் ஒவ்வொன்று போயிருந்தாலும் இது செல்லும்.

விசைப்பலகையில் எண் விசைகள் வேலை செய்யாவிட்டால் எஃப்1 முதல் எஃப்10 வரை உள்ள விசைகளைப் பயன்படுத்திப் பாருங்கள். எஃப்10 என்பது பூஜ்யம்.

திறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் எண் கேட்கிறது

புதிய நிலைமை டிபிஎம்முக்கு இன்னும் பழகவில்லை. பயாஸ் மாற்றத்தால் வந்தது என்றால் விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து (தற்காலிகமாக நிறுத்தி), மறுபடி ரெஸ்யூம் செய்தால் பெரும்பாலும் போதும். போர்டு மாறியிருந்தால் டிபிஎம் பாதுகாப்பை நீக்கி மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். அதுவும் சரிவராவிட்டால் குறியாக்கத்தை முழுதாக நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவதே நிம்மதி. எதைச் செய்வதற்கு முன்பும் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன்பே சஸ்பெண்ட் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது

வெராகிரிப்ட் என்ற இலவசப் பூட்டு மென்பொருள், லினக்ஸ் இயங்குதளத்தின் டிஸ்க் பூட்டான லக்ஸ் போன்றவற்றில் வரும் தொல்லை இது. நினைவு தப்பிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் விசைப்பலகையைச் சந்தேகப்படுங்கள்.

கேப்ஸ் லாக், எண் விசைகளுக்கான நம்லாக் இரண்டையும் பார்த்தாயிற்றா? அடுத்தது மொழி. பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் மட்டும்தான் தெரியும். பின்னால் தமிழ்99 விசையமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியாது. ஒரு நோட்பேடைத் திறந்து முதலில் அதில் அடித்துப் பாருங்கள், பிறகு அதைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். கணினி தொடங்கும் கட்டத்தில் கேட்கும் பாஸ்வேர்டு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே அமெரிக்க விசையமைப்புதான் இருக்கும், அல்லது லினக்ஸ் அப்டேட்டில் அமைப்பு மாறியிருக்கும். பிரிட்டிஷ் அமைப்பில் பழகியவர்களுக்கு அட் குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிக் கிடக்கும். அப்போது விசையின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்காதீர்கள். அந்தக் குறிகள் அமெரிக்க அமைப்பில் எந்த விசையில் இருக்கின்றன என்று பார்த்து அந்த இடத்தை அழுத்துங்கள்.

தமிழிலேயே பாஸ்வேர்டு வைத்தவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். க-வோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு பாஸ்வேர்டுகள். ‘ஔ’வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்தாலும் இதே கதைதான். ஆகவே பாஸ்வேர்டு வைத்த நாளில் எந்தக் கணினியில், எந்தத் தட்டச்சு மென்பொருளில் அடித்தீர்களோ, அதிலேயே முயன்று பாருங்கள். நீளத்துக்கும் எல்லை உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். வெராகிரிப்டின் 1.24-க்கு முந்தைய பதிப்புகளில் 64 பைட்தான் உச்சம், அதற்குப் பிறகு 128. தமிழ் மேல் உள்ள பிரியத்தால் சொல்கிறேன், பாஸ்வேர்டு தமிழ்ச் சொற்களாகவே இருக்கட்டும், ஆனால் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடித்து வையுங்கள். ழ-வுக்கு எந்த எழுத்து அடிக்கிறீர்கள் என்பதையும் தாளில் குறித்துவிடுங்கள்.

விசைப்பலகை சரி என்றால் வெராகிரிப்டின் மற்ற மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது பிம் எண். பாஸ்வேர்டில் இருந்து சாவி செய்யும் கணக்கை எத்தனை சுற்று ஓட்டுவது என்று முடிவு செய்யும் எண் இது. கன்டெய்னரை (பூட்டிய கோப்புகள் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரே பெரிய கோப்பு) உருவாக்கும்போது அதை மாற்றியிருந்தால், திறக்கும்போதும் அதே எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பிம் தவறு என்று தனியாகச் சொல்லாது. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம், பிம் தவறாக இருக்கலாம், இது வெராகிரிப்ட் வால்யூமாகவே (பூட்டிய கன்டெய்னரோ டிஸ்க்கோ) இல்லாமல் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செய்தியாகத்தான் சொல்லும்.

இரண்டாவது கீஃபைல். ஒரு பாட்டுக் கோப்பையோ படத்தையோ சாவியாக வைத்தவர்கள் உண்டு. அந்தக் கோப்பின் முதல் 1 எம்பியைத்தான் வெராகிரிப்ட் படிக்கிறது. அதில் ஒரு பைட் மாறினாலும் சாவி மாறிவிடும். எம்பி3 கோப்பில் பாட்டின் பெயரும் ஆல்பம் பெயரும் பொதுவாகக் கோப்பின் தொடக்கத்தில்தான் இருக்கும். ஏதோ ஒரு பிளேயர் நல்லது செய்வதாக நினைத்து ஆல்பம் பெயரைத் திருத்தினால் போதும், சாவி உடைந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்கிய படமும் அசல் படம் அல்ல, அது சுருக்கப்பட்டது. அந்தக் கோப்பின் பழைய, யாரும் தொடாத நகல் எங்கே இருக்கும் என்று தேடுங்கள். பழைய சிடி, பழைய பேக்கப், பாட்டை முதலில் கொடுத்த நண்பரின் கணினி என்று எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பதிப்பு. வெராகிரிப்டுக்கு முன்னோடியான ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. அதில் செய்த பழைய கன்டெய்னர்களை வெராகிரிப்ட் பல வருடம் திறந்து கொடுத்தது. 2023-இல் வந்த 1.26 வரிசையில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ரிப்எம்டி-160 என்ற பழைய ஹாஷுக்கான (பாஸ்வேர்டைச் சாவியாக மாற்ற உதவும் கணக்கு முறை) ஆதரவும் அதோடு போனது. பாஸ்வேர்டில் ஒரு குற்றமும் இருக்காது, ஆனாலும் திறக்காது. 1.25.9 பதிப்பை நிறுவித் திறந்து, உள்ளே இருப்பதைப் புதிய கன்டெய்னருக்கு மாற்றுங்கள். பழைய டிவிடியில் ட்ரூகிரிப்ட் கோப்பு வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்வது நல்லது.

நேற்றுதான் பாஸ்வேர்டை மாற்றினீர்கள், இன்று மறந்துபோயிற்று என்றால், பழைய ஹெடரின் காப்பு நகல் உங்களிடம் இருக்கிறதா? பாஸ்வேர்டு மாறினாலும் உள்ளே இருக்கும் மூலச் சாவி மாறுவதில்லை. ஆகவே பழைய ஹெடரைத் திரும்ப வைத்தால் பழைய பாஸ்வேர்டு திறக்கும். லக்ஸிலும் இப்படித்தான். பாஸ்வேர்டு யாருக்காவது தெரிந்துபோய்விட்டதால் மாற்றினீர்கள் என்றால் இதே காரணத்துக்காகப் பழைய ஹெடர் நகல்களை அழித்துவிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டிஸ்க்கைச் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி உங்கள் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான்.

முழு டிஸ்க்கையோ பார்ட்டிஷனையோ வெராகிரிப்டாலோ லக்ஸாலோ பூட்டியிருந்தால் விண்டோஸுக்கு அது வெறும் குப்பையாகத்தான் தெரியும். அதனால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யவா என்றும் கேட்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. கேன்சல் செய்துவிட்டு, வெராகிரிப்டைத் திறந்து மவுன்ட் (பாஸ்வேர்டு கொடுத்து டிஸ்க்கைத் திறப்பது) செய்யுங்கள். வீட்டில் மற்றவர்களும் அந்த டிஸ்க்கைத் தொடுவார்கள் என்றால், ‘ஃபார்மட் கேட்டால் வேண்டாம் சொல்லவும்’ என்று ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு டிஸ்க்குகளில் அந்தச் சீட்டு இருக்கிறது.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? அடுத்து ஒன்றும் எழுதாமல் நிறுத்துங்கள். வெராகிரிப்டில் இன்னும் நம்பிக்கை உண்டு. ஹெடரின் இன்னொரு நகல் வால்யூமின் கடைசியிலும் இருக்கும். மவுன்ட் செய்யும் விருப்பங்களில், உள்ளே பதிந்துள்ள காப்பு ஹெடரைப் பயன்படுத்து என்ற தேர்வை டிக் செய்து, ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும், எதுவும் எழுதாதபடி) திறந்து பாருங்கள். திறந்தால் முதல் வேலை நகல் எடுப்பது. அதன் பிறகுதான் டூல்ஸ் பகுதியில் இருக்கும் ஹெடர் மீட்பு. கணினியின் சி டிரைவையே வெராகிரிப்டால் பூட்டியிருந்தால் இந்த இரண்டாம் நகல் கிடையாது. அதற்கு உருவாக்கும்போது தந்த ரெஸ்கியூ டிஸ்க்தான் வழி.

லக்ஸில் நிலைமை கடினம். லக்ஸ்2-இன் ஹெடர் வழக்கமாக 16 எம்பி, டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். அதன் விவரப் பகுதிக்கு இரண்டாவது நகல் உண்டு, ஆனால் சாவிகள் இருக்கும் பகுதிக்கு இல்லை. ஒரு சாவியைப் பல துண்டாகப் பரப்பி வைப்பதால் அதில் சின்ன சேதம் வந்தாலும் அந்தச் சாவி மொத்தமும் போகும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், அழிக்க நினைத்தால் சுத்தமாக அழிய வேண்டும் என்பதற்காக. அதனால் ஹெடரைத் தனியாக நகல் எடுத்து வைக்காதவருக்கு, பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் வழியில்லை. லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியில் லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற கட்டளை இருக்கிறது. சில நொடி வேலைதான். லினக்ஸ் நண்பர்களே, தயவுசெய்து இன்று செய்துவிடுங்கள்.

பாஸ்வேர்டே கேட்காமல் ‘அனுமதி இல்லை’ என்கிறது

கோப்பின் மேல் சிறு பூட்டுப் படம், அல்லது பழைய விண்டோஸில் பச்சை நிறப் பெயர். இது இஎஃப்எஸ் என்ற பழைய குறியாக்கம். ப்ரோ, என்டர்பிரைஸ் போன்ற பதிப்புகளில் இருக்கும், ஹோம் பதிப்பில் இல்லை. என்றைக்கோ ப்ராப்பர்ட்டீஸில் ஒரு டிக் போட்டிருப்பீர்கள், அதை மறந்தும் இருப்பீர்கள்.

இதன் சாவி உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடு கட்டுண்டது. நீங்களே பாஸ்வேர்டை மாற்றினால் ஒன்றும் ஆகாது. வேறொருவர் அட்மின் கணக்கில் இருந்து உங்கள் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் இணைப்பு அறுந்துவிடும். பழைய பாஸ்வேர்டு நினைவிருந்தால் அதையே திரும்ப வையுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டீர்கள் என்றால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு கோப்புறை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அப்கிரேடுக்குப் பிறகு அது வழக்கமாக 10 நாளில் தானாக நீக்கப்பட்டுவிடும். பழைய சாவிகள் அதற்குள் இருக்கலாம். அதை அப்படியே வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பழைய பாஸ்வேர்டையும் கையில் வைத்துக்கொண்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் போங்கள்.

சாவியைச் சான்றிதழாக எக்ஸ்போர்ட் செய்து பிஎஃப்எக்ஸ் கோப்பாக வைத்திருந்தால் இரட்டைக் கிளிக் போதும். என் கருத்தைக் கேட்டால், வீட்டுக் கணினியில் இஎஃப்எஸ் வேண்டாம்.

டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடுகிறது, பாதி கோப்புதான் திறக்கிறது

பூட்டில் பழுது இல்லை, டிஸ்க்கில்தான் பழுது. குறியாக்கம் செய்த டிஸ்க்கில் ஒரு செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) கெட்டால் மொத்தமும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. இப்போது வழக்கத்தில் இருக்கும் எக்ஸ்டிஎஸ் முறையில் சேதம் அந்த இடத்தோடு நின்றுவிடும். ஹெடர் இருக்கும் இடம் மட்டும்தான் விதிவிலக்கு.

திறந்து பார்த்துக்கொண்டே இருக்காமல், முதலில் கணினியை லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) தொடங்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியால் முழு டிஸ்க்கையும் பூட்டிய நிலையிலேயே வேறு நல்ல டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். எதுவரை பிரதியானது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு வைத்து ஓட்டினால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். அதன் பிறகு அந்தப் பிரதியில் பூட்டைத் திறங்கள். பிட்லாக்கர் டிஸ்க் என்றால் ரிப்பேர்-பிடிஈ என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கும் 48 இலக்க எண்ணும், அதே அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு காலி டிஸ்க்கும் வேண்டும். பழுதான டிஸ்க்கில் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் திருத்தக் கருவியை ஓட்டாதீர்கள்.

மேக் கணினிகளில், டி2 சிப் அல்லது ஆப்பிள் சிலிக்கான் உள்ளவற்றில், போர்டு போனால் சேமிப்பகத்தைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் படிக்க முடியாது. சாவி அந்த சிப்போடு பிணைந்தது. மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்டின் 24 எழுத்து மீட்பு சாவி கையில் இருந்தாலும் அந்த போர்டு உயிரோடு இருந்தால்தான் பயன். டைம் மெஷின் பேக்கப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பேக்கப் திறக்கிறது, ஆனால் உள்ளே போன வருடத்துக் கோப்புகள்

ஒரு தோழி அழுதுகொண்டே போன் செய்தாள். வாரம் தவறாமல் பேக்கப் ஓடியிருக்கிறது, ஆனால் வெராகிரிப்ட் கன்டெய்னருக்குள் எட்டு மாதத்துக்கு முந்தைய ஆய்வேடுதான் இருந்தது. காரணம் ஒரு சின்ன அமைப்பு. கன்டெய்னருக்குள் எதை எழுதினாலும், வெளியே கோப்பின் திருத்திய தேதி மாறாதபடி வெராகிரிப்ட் பார்த்துக்கொள்ளும். கன்டெய்னரின் அளவும் எப்போதும் ஒன்றுதான். தேதியையும் அளவையும் மட்டும் பார்க்கும் பேக்கப் மென்பொருள், ஒன்றும் மாறவில்லை என்று தாண்டிப் போய்விடும். கிளவுடில் தானாக ஏற்றும் மென்பொருள்களிலும் இது நடக்கும்.

ப்ரிஃபரன்சஸில், கன்டெய்னரின் திருத்திய தேதியைப் பாதுகாக்கும் தேர்வில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். திறந்திருக்கும் கன்டெய்னரை நகல் எடுக்காதீர்கள், டிஸ்மவுன்ட் செய்துவிட்டு எடுங்கள். அப்புறம், நகலை வேறு கணினியில் திறந்து நேற்று எழுதிய கோப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தோழியின் ஆய்வேடு, வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகளில் இருந்து பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. இரண்டு இயல்கள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

எல்லாக் கோப்பின் பெயரும் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது

இது நீங்கள் போட்ட பூட்டு அல்ல, ரான்சம்வேர். இணையத்தைத் துண்டியுங்கள், பேக்கப் டிஸ்க்கைச் செருகாதீர்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் வேறு சிலரோடு 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அந்த வகைக்கு இலவசத் திறப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வகைக்கும் இல்லை.

இப்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது

இந்த நாளில்தான் வேலை செய்ய முடியும்.

விண்டோஸில் அமைப்புகளில் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் மீட்பு எண்ணை எடுங்கள். ஹோம் பதிப்பில் அதற்கான பட்டன் கிடைக்கவில்லையென்றால், அட்மின் உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து மேனேஜ்-பிடிஈ கட்டளையில் சி டிரைவின் ப்ரொடெக்டர்களை, அதாவது அதைத் திறக்கும் வழிகளை, கேட்டால் 48 இலக்கமும் திரையில் வரும். வெளி டிஸ்க்குகள் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி எண். வெராகிரிப்ட், லக்ஸ் வைத்திருப்பவர்கள் ஹெடர் நகலை எடுத்து, அந்த டிஸ்க்கில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கிறது. மேனேஜரின் கோப்பு பூட்டிய அதே லேப்டாப்பில் இருக்கிறது. கணக்கை மீட்க ஓடிபி வேண்டும், அது மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்ட சிம்முக்குப் போகிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்தது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் (எண் கேட்கும் திரை அல்ல, பிழை காட்டும் திரை) நின்றன. சரிசெய்ய சேஃப் மோடு என்ற, குறைந்த வசதிகளோடு தொடங்கும் நிலைக்குள் போக வேண்டும், பிட்லாக்கர் இருந்த கணினிகளில் அதற்கு மீட்பு எண் வேண்டும். அந்த எண்களை வைத்திருந்த சர்வர்களும் நீலத்திரையில் நின்ற இடங்கள் உண்டு.

ஆகவே ஒரு தாளாவது வேண்டும். அச்சிட்டாலும் கையால் எழுதினாலும் சரி, ஒவ்வொரு ஆறு இலக்கத்தையும் 11 கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். பக்கத்திலேயே கீ ஐடி, எந்தக் கணினி, எந்தக் கணக்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். பிம் எண் வைத்திருந்தால் அதையும், கீஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும். ஒரு நகல் வீட்டில் பத்திரங்களோடு, இன்னொன்று வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம், திருடன் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவான்.

தாளைப் பற்றி வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். எல்லாப் பூட்டும் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவர் திடீரென்று போய்விட்ட வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டு அக்கா கேட்டது காப்பீட்டுத் தாளையோ வங்கிக் கணக்கையோ அல்ல, பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோவை. என்னால் எடுத்துத் தர முடியவில்லை.

சித்தப்பா வீட்டில் இப்போது அந்தத் தாள் பீரோவில், பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கும் உறையில் இருக்கிறது. போன மாதம் வேறு வேலையாகப் போயிருந்தபோது சித்தியை உட்கார வைத்து, பூட்டிய வெளி டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகி, தாளைப் பார்த்து அவரையே எண்ணை அடிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக எட்டுத் தொகுதியும் அடித்தார். ஐந்தாவதில் ஒரு தவறு வந்தது, திருத்தினார், திறந்தது.